பவர் இல்லாத கண்ணாடி

ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கைக்கு
நான் சொன்னது, கண் கிளினிக்.
மாதத்தில் ஒரு செவ்வாய், காலை பஸ்.
கல்லடியில், பழைய பாலத்தின் இரும்புகளை
மகன் எண்ணத் தொடங்குவான்.
பாதியில் ஒரு தோணியைக் காண்பான்,
எண்ணிக்கை வாவியில் விழுந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு நீளமான வரிசை.
அதில் நிற்கப் போகிறவள்போல நடந்து,
முகம் துடைக்கும் சாக்கில்
அடுத்த கட்டிடத்துக்குத் திரும்புவேன்.

டொக்டர் முதலில் இங்கிலீசில் நாலு எழுத்துச் சொன்னா.
பிறகு தமிழில் விளங்கப்படுத்தினா.
தமிழில்தான் பயமாக இருந்தது.

கத்தாரிலிருந்து அவர் வொய்ஸ் போட்டார்:
"ஒருத்தருக்கும் வாய் திறக்காத.
நாளைக்கு மகளுக்கும் சம்பந்தம் பேச வேணும்."
மகளுக்கு மூன்று வயது.

"எங்க கா கண்ணாடி?" என்றா
வேலிக்கு அங்கால லோகேஸ்வரி மச்சாள்.
அடுத்த செவ்வாய், டவுனில்,
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
"பவர் எவ்வளவு?" என்றான் கடைப் பொடியன்.
"வேணாம்."
ஒன்றும் கேளாமல் பில் எழுதினான்.

கண்ணாடியைக் கண்டதும் டீச்சர்
கடைசி வாங்கிலிருந்து அவனை
முதல் வாங்குக்கு மாற்றினா.
பலகைக்குக் கிட்ட, ஜன்னலுக்குத் தூரம்.
டொக்டர் தந்த கடிதம் கேட்டதும் அதைத்தான்.
கடிதம் என் அலுமாரியில்
கூறைச்சேலைக்குக் கீழே
பூச்சி உருண்டை மணத்துக் கிடந்தது.
அந்தத் தவணை கணக்கில் எழுபத்தொன்று.
யாருக்கு நன்றி சொல்ல,
கண்ணாடிக் கடைக்கா?

நேற்று அதை எங்கேயோ விட்டுவிட்டு வந்தான்.
மூன்றாம் தரம்.
வாயில் வந்ததெல்லாம் நான் கொட்டி முடிய,
ஒரு செருப்போடு முற்றத்தில் நின்று கேட்டான்:
"அதப் போட்டாலும் கழட்டினாலும்
ஒரேமாதிரித்தானம்மா தெரியுது.
எனக்குக் கண்ணில என்ன?"

"கண்ணில ஒண்டுமில்ல மனே."

"அப்ப எங்க?"

மச்சாள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தா.
குரலைத் தணிக்கத்தான் பார்த்தேன்.
அது தணியவில்லை.
அந்த நாலு எழுத்தையும் சொன்னேன்,
அதன் தமிழையும்,
குளிசை எதற்கென்றும்.

வேலிக்கு அங்கால ஒரே துணியை
இரண்டு முறை உதறும் சத்தம்.

கொஞ்சநேரம் அசையாமல் நின்றான்,
அவன் அப்படி நிற்பது அருமை.
"தெரிஞ்சா டீச்சர்
திரும்பவும் பின்னுக்கு இருத்துவாவா?"

"தெரியாது மனே."

இரவு கடிதத்தை எடுத்து விரித்தேன்.
அவன் பையில் வைத்தால் தொலைத்துவிடுவான்.
நான்தான் கொண்டுபோக வேணும்.