கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தது

தோ-அஷூ கணவாய்க்கு இன்னும் பதினொரு வளைவு.
முள் நடுவை விட்டு நகர்ந்தது.
நான் பார்க்காததுபோல் பார்த்தேன்.

ஜூலை மாதம். ஹீட்டரை முழுதாகத் திருகினேன்.
"பைத்தியமா உனக்கு?" என்றார் சபர்பெக்,
மடியில் இரண்டு தர்பூசணியும்
ஓஷிலிருந்தே சுமந்துவந்த ஒரு கோபமுமாக.
இன்ஜின் சூட்டில் கொஞ்சம்
நாம் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.
ஐந்து பேரும் வாங்கிக்கொண்டோம்.
பெகிமாய் வைத்திருந்த கேக் பெட்டிக்குள்
கிரீம் ரோஜாக்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன.
முள் ஒரு மயிரிழை இறங்கியது,
யோசித்தது,
மறுபடி ஏறியது.

ஓரம் கட்டினேன்.
பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி.

மூடியைத் திற, மூடியைத் திற என்கிறார்கள்.
திறந்தால் வெந்த முகத்தோடு பிஷ்கெக் போகலாம்.
இந்த உயரத்தில் தண்ணீர்
தொண்ணூறிலேயே குதிக்கப் பார்க்கும்;
மூடிதான் அதன் தோளை அழுத்தி
உட்காரவைத்திருக்கிறது.
சபர்பெக் ஓடையிலிருந்து
பனி உருகிய நீரை பாட்டிலில் கொண்டுவந்தார்,
இன்ஜின் தலையில் ஊற்ற.
பாய்ந்து கையைப் பிடித்தேன்.
அங்கே ஒரு விரிசல் விழுந்தால்
என் நாலு மாதச் சம்பாத்தியம் அதற்குள் போய்விடும்.
"அதை நீங்கள் குடியுங்கள்."

நாற்பது நிமிடம்.
நிலக்கரி லாரிகள் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தன,
அனுதாபமா கேலியா தெரியவில்லை.

அப்புறம் ஆரம்பித்தேன்.
ஹீட்டர் அனலாய் வீசியது, ஆக
தண்ணீர் இருக்கிறது, பம்ப் தள்ளுகிறது.
ஆயில் குச்சியை உருவினேன்: கறுப்பு.
பால் விட்ட தேநீர் நிறமில்லை. கேஸ்கெட் பிழைத்தது.
ஃபேன் சுற்றவே இல்லை.
"அதுதான்!" என்றது கூட்டம்.
பேட்டரியிலிருந்து நேராய் ஒரு வயரைத் தொட்டேன்,
சுற்றியது பாவம்.
அதன்மேல் குற்றமில்லை,
அதனிடம் யாரும் சூடு என்று சொல்லவில்லை.

மேல்குழாய் கைவைக்க விடவில்லை.
கீழ்க்குழாய்
ஓடைக் கல்போல் இருந்தது.

அப்படியானால் நடுவில் கதவு திறக்கவில்லை.

பத்தாம் நம்பர் ஸ்பேனர், இரண்டு போல்ட்.
பச்சைத் தண்ணீர் முழங்கை வழியே சட்டைக்குள் இறங்கியது,
மிச்சத்தைப் பேசினில் பிடித்தேன்.
உள்ளே தெர்மோஸ்டாட்,
புத்தம் புதிது, பளபளவென்று,
ஸ்பிரிங் வெளியே பார்த்தபடி.
அது இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும்.
சூடுபட்டு விரிய வேண்டிய மெழுகு
குளிருக்கு முகம் காட்டி
வாரம் முழுக்கத் தூங்கியிருக்கிறது.

"எந்த மடையன் போட்டான் இதை?"
சபர்பெக் கேட்டதும்
ஆளாளுக்கு ஒரு மெக்கானிக் கதை.
காரா-பால்தாவில் ஒருவன் பிரேக்கை இடம்மாற்றிப் போட்டானாம்.
இன்னொருவன் இன்ஜினுக்குள்
தன் கல்யாண மோதிரத்தையே விட்டானாம்.

போன வியாழன், இரவு பதினொன்று,
பல்லிடுக்கில் டார்ச்,
கூலி மிச்சம் என்ற சந்தோஷம்.
சமவெளியில் ஆடி பொறுத்துக்கொண்டது.
மலை பொறுக்குமா?

"அவன் கை விளங்குமா?" என்றேன் நானும்,
அந்தக் கையாலேயே
ரப்பர் வளையத்தைத் துடைத்து
திருப்பிப் போட்டு
போல்டை முடுக்கிக்கொண்டு.

பேசினில் இருந்ததை ஊற்றினேன்,
குறைந்ததற்கு ஓடை.
குழாயைப் பிசையப் பிசைய
காற்று முட்டை முட்டையாய் வெளியே வந்தது.
சாவியைத் திருப்பினேன்.
கீழ்க்குழாயில் கைவைத்துக் காத்திருந்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல், ஆனால்
காய்ச்சல் வரட்டும் என்று.

வந்தது.

சுரங்கத்துக்குள் ஐவரும் பேசவில்லை,
ஐவரும் முள்ளையே பார்த்தோம்.
நடுவில் நின்றது. அங்கேயே நின்றது.

பிஷ்கெக்கில் இறங்கும்போது
ஆளுக்கு நூறு சோம் குறைத்துக்கொண்டேன்.
"ஏன், உல்கான் அக்கா?" என்றாள் பெகிமாய்,
சப்பையாகிப்போன பெட்டியைப் பிடித்தபடி.

கேக்குக்கு, என்றேன்.