பயணிகள்: இல்லை

இரத்மலானை. இரவு பதினொன்றே கால்.
போகும்போது கோழிக்குஞ்சு, நாலாயிரம்.
வரும்போது சூரை மீன்.
பாரப் பத்திரத்தில் அஸ்மீர் எழுதினான்:
பயணிகள் – இல்லை.

ஏறும்வரைக்கும் கத்தித் தீர்த்தன.
எட்டாயிரம் அடியில் பின்விளக்கை அணைத்தேன்,
ஒரேயடியாய் அடங்கிப்போயின.
அதற்குப் பிறகு
இடது எஞ்சினின் பழைய இருமல்.
பக்கத்தில் தினுக்,
பறக்கப் படித்த கடனைக் கூட்டிக்கொண்டிருந்தான்.
கீழே கடல், இருக்கிறதென்று ஒரு நம்பிக்கை.

மாலேயில் பூப்போல இறக்கினேன்.
கைதட்ட ஆளில்லை.
ஏதோ ஒரு பெட்டியில் ஒன்று மட்டும்
கீச்சென்றது.

விடிய, காலி வீதியில் ஆட்டோக்காரர்
மூக்கைச் சுளித்துத் திரும்பினார்:
“மீன் யாவாரமா தம்பி?”
ஓம் என்றேன்.
வெள்ளவத்தை வரைக்கும்
விலைவாசியைத் திட்டிக்கொண்டே வந்தோம்.