பந்தி இருபத்தேழு

வரிக்கு மூன்று பிராங்க் ஐம்பது.
ஐம்பத்தைந்து எழுத்து ஒரு வரி,
இடைவெளியும் எழுத்துத்தான்.
இந்தக் கணக்கில்தான் தவயோகத்தின் கோபம்
பீல் நகரத்து மூன்றாம் மாடிக்கு,
என் சாப்பாட்டு மேசைக்கு, வந்து சேர்கிறது.

ஒரு கடை. இரண்டு பங்காளிகள்.
இல்லை, அதுவேதான் வழக்கு:
பங்காளி என்கிறார் தவயோகம், கடனில் பாதி உனது.
சம்பளக்காரன் என்கிறார் சிறிஸ்கந்தன்,
சம்பளப் பாக்கிக்குத்தான் குளிர்ப்பெட்டியைக் கொண்டுபோனேன்.
ஒரு தெருவுக்கு இரண்டு மொழியில் பெயர் எழுதி
இரண்டும் சரி என்று விட்டுவிடும் ஊரில்
இவர்களுக்கு மட்டும் ஒன்றுதான் சரி.

முதலில் வழக்குரை.
அதற்கு விடை.
விடைக்கு விடை, ரெப்ளிக்.
அதற்கும் ஒரு விடை, டூப்ளிக்.
அதோடு முடியும் என்றிருந்தேன்.
பிறகும் நீதிமன்றம் தாள் அனுப்பும்,
'தங்கள் தகவலுக்கு' என்று.
தகவலுக்கு என்றால்
பத்து நாளுக்குள் திருப்பி ஏசலாம் என்று அர்த்தம்;
சட்டத்தரணி ஏபிஷர் அம்மா சிரிக்காமல் சொன்னார்.

பந்தி ஒன்பது: மறுக்கப்படுகிறது.
பந்தி பத்து: மறுக்கப்படுகிறது, விளக்கம் கீழே.
பந்தி பதினொன்று: சம்பந்தமற்றது, ஆகவே மறுக்கப்படுகிறது.
பந்தி பன்னிரண்டு, அன்றைக்கு மழை என்பது:
அறியாமையின் பேரில் மறுக்கப்படுகிறது.

'முருங்கைக்காய் பதினாலு பெட்டி அழுகினது' என்று
பேனை தாளைக் கிழிக்க அவர் எழுதியது
என் கையில்
'அழியக்கூடிய சரக்கில் ஏற்பட்ட இழப்பு' ஆகும்.
'கள்ளன்' என்பதை ஏபிஷர் அம்மா வெட்டி
'உரிமையின்றி எடுத்துச்சென்ற எதிராளி' ஆக்குவார்.
எழுத்துக் கூடக்கூட எனக்கு லாபம்.

மற்றப் பக்கத்திலிருந்து வருவதும் ஜெர்மன்தான்,
கெர்பர் என்பவரின் இஸ்திரி போட்ட ஜெர்மன்.
அதற்கு அடியில் சிறிஸ்கந்தன் பேசுவது எனக்குக் கேட்கும்.
'வழக்காளி தன் நினைவை மீள்பரிசீலிப்பது நன்று' என்றால்
எங்கோ ஒரு மனிசன் மேசையில் அடித்து
'உவருக்கென்ன மறதியோ?' என்று கேட்டிருக்கிறார்.
நான் திரும்பத் தமிழாக்கும்போது
சொல் வரும்.
மேசை வராது.

கறிவேப்பிலைக்கு இப்போது நீடாவ் போகிறேன்.
அந்தக் கடையில் வாங்கினால்
யார் கல்லாவில் காசு போடுகிறேன் என்பது
பந்தி நாற்பத்தொன்றில் நிலுவையில் இருக்கிறது.

டூப்ளிக் மார்கழியில் வந்தது, அறுபத்திரண்டு பக்கம்.
இருபத்தேழாம் பந்தி நாங்கள் எழுதியது:
வழக்காளியின் மனைவி பேர்ண் ஆசுப்பத்திரியில் கிடந்த
நாற்பத்தொரு நாளும் எதிராளி தனியே கடை திறந்தார்,
விடிய ஐந்துக்கு,
ஒரு சதமும் வாங்கவில்லை.
வாங்காதவர் ஊழியர் அல்லர், பங்காளி.

நல்ல கத்தி அது.
மறுத்தால் முறிந்துவிடும்.
சாட்சி இல்லை. கொப்பியில் அந்த மாதத் தாளே இல்லை.
கெர்பர் சொல்லியிருப்பார், இரண்டு தரம் சொல்லியிருப்பார்.
கீழே ஒரே ஒரு சொல்:
உன்பெஷ்ட்ரிட்டன்.

இதை எப்படித் தமிழில் வைப்பது?
'ஏற்றுக்கொள்ளப்படுகிறது' என்றால் கூடிவிடும்.
'உண்மை' என்று அவர் சொல்லவில்லை.
'ஓம்' என்று எழுத ஆசைதான்;
ஆசைக்கு யாரும் வரிக்காசு தருவதில்லை.
'மறுக்கப்படவில்லை' என்று தட்டினேன்.
கால் வரிகூட வராது.

இரவு ஒன்பதரைக்குத் தவயோகம் அழைத்தார்.
'அந்த இருபத்தேழு...
நீங்கள் பிழைவிடேல்லைத்தானே?'
இல்லை என்றேன்.
பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது,
யாரோ கோப்பை கழுவினார்கள்,
மனைவியாக இருக்கலாம்.
குழாய் நின்ற பிறகும் அவர் பேசவில்லை.

'சரி' என்றார்,
'இருபத்தெட்டுக்கு வருவம்.
அதில உவன் சொல்லுறது முழுப் பொய்.'

பத்து நாளில் இரண்டு போயிருந்தது.
எழுதினேன்:
மறுக்கப்படுகிறது.