கையாலை

தக்கலையில் ஆதாரம் எழுதும் ஆபீஸ்.
பகல் முழுக்க அரை சென்டுக்காக
அண்ணனும் தம்பியும் கையாலையைக் காட்டிக் கத்திய அறை.
இப்போது மழை. யூபிஎஸ் மட்டும் கத்துகிறது.
சர்வரில் தொண்ணூற்றொன்பது சதவீதம்.

புது டிஸ்கைச் செருகிப் பழையதோடு சேர்த்தேன்.
எது யார் பங்கு என்று லினக்ஸ் கேட்கவில்லை.
ஒரு வரி கட்டளை;
ஒரு பத்திரமும் எழுந்து நிற்காமலே
வால்யூம் நீண்டது.

ஆனாலும் தொண்ணூற்றொன்பது.
இடம் வந்த சேதி கோப்புமுறைக்குத் தெரியாது,
அதையும் சொன்னேன்.
அறுபத்திரண்டு.

"குறைக்கவும் பற்றுமா?" விஜிலா கேட்டாள்.
பற்றும்.
முதலில் உள்ளே இருப்பது ஒடுங்க வேண்டும்,
பிறகுதான் சுவர்.
மாற்றிச் செய்தால் அறுந்துபோகும்.

ம், என்றாள்.
மத்தியானம் நின்றுபோன பாகப்பத்திரத்தைத் திறந்தாள்:
ஏழு சென்ட், நாலு பேர், ஒரு கிணறு.
சேவ் கொடுத்தாள்.
சேவ் ஆனது.