நாற்பத்தைந்து வினாடி

காரைக்குடி. ஓட்டல் மாடிக் கூடம்.
காலை ஆறே முக்கால்.
ஏசிக்கு இன்னும் தூக்கம் தெளியவில்லை.
வாசலில் ஆளுக்கொரு பெயர்ச்சீட்டு, சட்டையில் ஒட்ட.
என் சேலையில் பசை பிடிக்கவில்லை.
மூன்று முறை கீழே விழுந்த பெயரை
மடித்துக் கைப்பையில் போட்டேன்.

ஒருவருக்கு நாற்பத்தைந்து வினாடி.
மேடை மேசையில் ஒரு பித்தளை மணியோடு தலைவர்.
"மறக்க முடியாதபடி சொல்லணும்," என்றார்.
"நாளைக்கும் பேரு நிக்கணும்."

தேவகோட்டையிலிருந்து வரும் வழியெல்லாம்
ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்:
வணக்கம், நான் சகாயராணி.
உங்கள் வீட்டை அரிப்பவர்களை நான் அரிப்பேன்.
ரஸ்தா தாண்டியதும் அசிங்கமாகப் பட்டது.
கரையானுக்குக் கரை கட்டுபவள்.
ரயில்வே கேட்டில் நின்றபோது
என்னிடமா பேசுகிறீர்கள் என்று
லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார்,
"நீங்க எந்தக் கோயிலு?"
"சகாய மாதா," என்றேன்.
ஒன்பது கோயிலிலும் தேடிவிட்டு
"ஓ," என்றார்.

முதலில் ஆத்தங்குடிக் கல் விற்பவர்.
"என் மேல நடங்க!" கைதட்டல்.
காப்பீட்டு முகவர் செத்துப்போய் மேசையில் சாய்ந்து
திரும்ப எழுந்தார். பெரிய கைதட்டல்.
ஒக்கூர் ஆச்சி ஒருவர், பலகார ஏற்றுமதி,
ஒன்றுமே பேசாமல்
ஆளுக்கொரு கை மனகோலம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.
அதன்பிறகு வந்தவர்கள் பேசியது
நொறுக்குச் சத்தத்தில் போயிற்று.

என் முறை.
ஹெல்மெட்டுக்குள் இருந்ததெல்லாம்
ஹெல்மெட்டுக்குள்ளேயே இருந்தது,
கீழே, வண்டிக் கண்ணாடியில் மாட்டி.

ஆறு வினாடி. ஏழு.
கை அதுபாட்டுக்கு மேசையைத் தட்டியது.
பழக்கம்.
மரம் என்று எதைக் கண்டாலும் விரல்முட்டி போய்விடும்.
கோயில் பெஞ்சு, பந்தல்கால்,
ஒருமுறை, மன்னிக்கவும், சவப்பெட்டி.

டொக். டொக்.
அந்த ஓரத்துக் காலில்:
டப்.

மண்டியிட்டு, மைக்கை அங்கே வைத்து
இன்னொரு தட்டு.
காலி டப்பாவின் சத்தம் ஒன்று
ஸ்பீக்கர் வழியே கூடம் சுற்றி வந்தது.

"பர்மாத் தேக்குன்னு சொல்லி வித்திருப்பாங்க.
உள்ள ஆள் இருக்கு, ஒரு வருஷமா.
பேரு சொல்லாம வந்தவங்க."

சிரித்தார்கள்.
பிறகு சிரிப்பு மேசை மேசையாக அணைந்தது.
தலைவர் முழங்கையை எடுத்துக்கொண்டார்.
மணி.

என் பெயரை நான் சொல்லவே இல்லை.

இப்போது நாற்பது பேர் போனில் நான் கரையான்.
சிலரிடம் கரையான் அக்கா.
சிங்கப்பூரிலிருந்து ஒருவர், நேரடியாக, "கரையானா?"
"ஆமா, சொல்லுங்க," என்றேன்.
கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது.
என் போனில் அவர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள்:
பள்ளத்தூர் நிலைவாசல்.
கோட்டையூர் சாவி வாட்ச்மேன்கிட்ட.
கண்டனூர் பதினேழு பங்காளி, கையெழுத்து வரலை.
புதுவயல் பாக்கி எட்டாயிரம்.

நேற்றிரவு பத்தரைக்கு ஒரு புது எண்.
பெயர் சொல்லவில்லை. குரல் தெரிந்தது,
மணிக்காரர்.
வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் போல,
ரகசியமாகப் பேசினார்.
"வளவுல மூணாவது தூணு. தட்டிப் பாத்தேன்."
"என்ன சத்தம்?"
"சொல்லத் தெரியலைம்மா."
"போனை அதுகிட்ட வைங்க."

வைத்தார்.
தட்டினார்.
நாற்பத்தைந்து வினாடிக்கு மேலேயே போயிருக்கும்.
கேட்டுக்கொண்டே இருந்தேன்.