எட்டாவது எக்ஸ்ரே

"ரஸ்க் மாதிரி இருக்கும்மா உங்க எலும்பு.
தட்டிச் சொருகினா பிடிக்காது,
சிமெண்ட் போட்டுத்தான் நிக்க வைக்கணும்."
இருபது வருஷத்து முடக்குவாதமும்
அதற்கு விழுங்கிய வெள்ளை மாத்திரையும்
தின்றது போக மிஞ்சிய இடுப்பு.
பூச்சு வேலைக்காரர் என் வீட்டுக்காரர் தேசப்பன்,
பெஞ்சிலிருந்து எழுந்து கேட்டார்:
"எத்தனை நாள் சார் தண்ணி காட்டணும்?"

முதுகில் ஊசி. மார்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் சுத்தியல்,
காசிமேட்டில் விசைப்படகுக்குப் பலகை அடிப்பதுபோல.
அடி வாங்குவது யாரோ,
அதிர்ந்தது என் பல்.
பிறகு மூக்கைக் குத்தும் நகப்பூச்சு வாசனை.
ஒரு பெண்குரல் நிமிஷம் எண்ணியது.
"பதம் வந்துடுச்சு சார்."
அதற்குமேல் யாரும் பேசவில்லை.
தண்டை இறக்கி, இறுகும்வரை
அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
பிறந்ததிலிருந்து என்னை யாரும்
அவ்வளவு கவனமாகப் பிடித்ததில்லை.

தரையில் உட்காராதே. சம்மணம் கூடாது.
பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை அறுத்து
கக்கூசின்மேல் வைத்தார் தேசப்பன்.

தண்டையார்பேட்டை வாரிய வீடு, மூன்றாம் மாடி.
எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் போனால்
அலமாரியில் தட்டுகள் பேசும்.
ஆபரேஷன் நடந்த அதே வருஷம்
படுக்கிற அறைச் சுவரில் விரிசல்.
வாரியத்து இன்ஜினியர் குறுக்கே
கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டித் தேதி எழுதினார்.
"சுவர் நகர்ந்தா இது உடையும். உடைஞ்சா சொல்லுங்க."

ஆடிக்கு ஆடி ஸ்டான்லியில் படம் எடுப்பேன்.
வெளிச்சப் பெட்டியில் செருகி
சிமெண்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவே
தலைமுடி கனத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா,
தண்டு உள்ளே இறங்கியிருக்கிறதா
என்று ஸ்கேல் வைப்பார் டாக்டர்.
நான் அவர் புருவத்தைப் பார்ப்பேன்.
வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்ப்பேன்.

இதற்குள் விரல்கள் கோணிக்கொண்டன.
ஜாக்கெட் கொக்கி தேசப்பன் வேலையாகிவிட்டது.
இடது முழங்காலும் தனக்கொன்று கேட்கிறது.

போன கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி
டிக்.
லைட் போட்டோம். சில்லு இரண்டாக.

ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா?
வாரியத்துக்கு ஆடி கிடையாது.
அறுபது குடும்பத்துக்கும் ஒரே நோட்டீஸ்.

நேற்று எட்டாவது எக்ஸ்ரே.
புதுசாக வந்த பெண் டாக்டர்
பழைய ஏழையும் வரிசையாக மாட்டினாள்,
அளந்தாள், மறுபடி அளந்தாள்.
"வச்ச இடத்துலயே இருக்கும்மா."
வெளியே காத்திருந்தவர் நம்பவில்லை.
"ஒரு நூலுகூட?"
"ஒரு நூலுகூட."
நாற்பது வருஷம் சுவர் பூசியவர்
கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

இன்றைக்கு வண்டி கீழே நிற்கிறது.
பீரோ போய்விட்டது, ஓட்டை நாற்காலி போய்விட்டது.
படிக்கட்டின் தலையில், கக்கத்தில் எட்டுப் படத்தோடு நான்.
ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது கெட்ட கால் முதலில் என்று
அன்றைக்கு நடை பழக்கிய பெண் சொல்லியிருந்தாள்.
சரி,
இப்போது கெட்ட கால் எது?