செவ்வாய்க்கிழமை முகங்கள்

நரி முகத்தில் விழித்தால் நல்லது என்பார்கள்.
ஹார்ஷமில் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு
எனக்கு நாற்பது நல்லது வரும்,
உறைந்து, உரப் பைகளில்.

காதிரண்டும் கண்ணோரமும் மூக்கும்
ஒரே துண்டாக இருக்க வேண்டும். அது விதி.
ஒன்றுக்குப் பதினாலு டாலர்.
எண்ணுகிறேன், படிவத்தில் கோடு கிழிக்கிறேன்,
கையுறை மாற்றுகிறேன்.
இன்பவல்லியை 'வல்' என்று சுருக்கிய
மொய்ரா போட்ஸ்வொர்த் கையெழுத்திடுகிறாள்.
கொடியவள் அல்ல.
ஒரே இரவில் பதினோரு குட்டிகளின் நாக்குப் போனதைச்
சொல்லும்போது பேனா மூடியைக்
கழற்றிக் கழற்றி மாட்டுவாள்.

ஏப்ரலில் ஒன்பது நாள் விடுப்பு.
மகனும் நானும் ஜப்பான் போனோம்.
சிவப்பு வாசல்கள்,
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மலையேறும் வாசல்கள்.
எல்லாரும் படமெடுக்கும் இடத்தில் நிற்க இடமில்லை.
அடுத்த ஊரில், கார் நிறுத்தத்துக்கும்
பல் மருத்துவருக்கும் நடுவே
சின்னதாய் ஒரு கோயில்.

அங்கே கல் நரி, பீங்கான் நரி,
சாவி கவ்விய நரி, கதிர் கவ்விய நரி,
காதுடைந்தும் உத்தியோகத்தில் இருக்கும் நரி.
கழுத்தில் சிவப்புத் துணி,
குழந்தைக்குச் சோறூட்டும்போது கட்டுவோமே, அது.
நரி சாமி இல்லையாம், சாமியின் ஆளாம்.
நெல்லுக்குப் பொறுப்பான சாமி.
நெல் என்றதும்
என் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

மதுரையில் ஒரு பகல் நரிகள்
குதிரைகளாய் நின்ற கதை ஞாபகம் வந்தது.
அங்கும் அரசாங்கப் பணம்.
அங்கும் யாரோ ஒருவர் எண்ணி வாங்கியிருப்பார்.
ராத்திரி லாயத்தில் ஊளை கேட்டபோது
பதிவேட்டில் என்ன எழுதினார்
அந்தக் குமாஸ்தா?

நன்மாறனுக்கு ஒன்பது வயது.
ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.
இருநூற்று ஆறு, அம்மா.
பிறகு விரல் மடக்கி,
இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலு டாலர்.
குரலில் பெருமைதான்.
பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தவருக்குத்
தமிழ் தெரியாதது
அன்றைக்கு எனக்குக் கிடைத்த அருள்.

நரிமுக வடிவில் மரப்பலகை விற்றார்கள்.
முகம் வெறுமை.
கண்ணும் வாயும் நாமே வரைந்து
வேண்டுதல் எழுதித் தொங்கவிட வேண்டும்.
அவன் தன் நரிக்கு மூக்குக்கண்ணாடி மாட்டினான்.
நான் பேனாவைத் திறந்தேன்.
எத்தனை பார்த்தவள் நான்!
ஆனால் எனக்கு வருவதில் கண் இருப்பதில்லை,
ஓரம்தான்.
பேனாவை மூடி, பலகையைப் பைக்குள் போட்டேன்.

மெல்பர்னில் மரப்பொருள் உண்டா என்றார்கள்.
உண்டு.
அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
என்ன இது?
நரி.
அவர் சிரித்து, போகச் சொன்னார்.

திங்கள் இரவு குப்பைத்தொட்டியை
வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனேன்.
வேலியடியில் அது.
அடுத்த வீட்டுக் கோழிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது,
பிறகு என்னை.
நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன என்பார்கள்.
அது எந்தப் பக்கமும் போகவில்லை.
அங்கே இரண்டு முறை கைதட்டித்தான்
சாமியைக் கூப்பிடுகிறார்கள்.
இங்கே தட்டினால் ஓடிவிடும்.
தட்டத்தான் வேண்டும், கூண்டில் ஆறு கோழிகள்.
தொட்டியின் பிடியில் என் இரண்டு கைகளும்
சில்லிட்டுக் கிடந்தன.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
அதற்குக் கண் இருந்தது.

இன்று செவ்வாய்.
பையின் கட்டை அவிழ்க்கிறேன்.
விடுமுறை எப்படி, வல்? என்கிறாள் மொய்ரா.
கோயில்கள் பார்த்தோம்.
முப்பத்தேழு. முப்பத்தெட்டு.
எந்தச் சாமி?
நெல்லுச் சாமி.
அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள்.
விதைக்க நாளாகிவிட்டது, விம்மெராவில்
இன்னும் ஒரு சொட்டு விழவில்லை.
பேனா மூடியைக் கழற்றி மாட்டிவிட்டு,
குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்,
கோதுமைக்கும் அதையே கும்பிடலாமா?